கண்ணுக்கு ஒரு கட்டை, தண்ணிக்கு ஒரு கட்டை

அன்று காலை என் கணவர் தேத்தண்ணியில் சீனி இல்லை என்றார்.

"அரைக் கரண்டி போட்டேங்க," என்றேன்.

"போட்டிருந்தா இனிக்கணும்ல. இது என்னா, வேப்பங்கொழுந்து அவிச்ச தண்ணியாட்டம் இருக்கு."

நான் குசினிக்குள் போய் மேல் தட்டில் இருந்த டப்பாவைத் திறந்து பார்த்தேன். மகள் பிரேமினி கொழும்பிலிருந்து விருந்தாளிகளுக்கென்று கொடுத்தனுப்பிய தொதல் இனிப்பில் ஒரு மூலையைக் காணவில்லை. கத்தி வைத்து வெட்டிய மூலை அல்ல, அவசரத்தில் விரலால் பிய்த்த மூலை. அவருக்குச் சீனி வருத்தம் வந்து, டாக்டர் இனிப்பைக் குறைக்கச் சொல்லிப் பல வருசமாகிறது. தொதல் தின்ற வாய்க்கு எந்தத் தேத்தண்ணியும் இனிக்காது.

"நாக்கு பொய் சொல்லுதுங்க," என்றேன்.

"என் நாக்கு பொய் சொல்லாது."

"ஆமா. நாக்கு பாவம். நீங்கதான் சொல்றீங்க."

அவர் சிரிக்கவில்லை. இனிக்காத தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கானில் இலை அடைத்திருக்கிறது என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். இலையை வாரிப் போட்டுவிட்டுக் கானோரமாக உட்கார்ந்தவர் பிறகு எழும்பவில்லை. நெஞ்சு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அவர் நல்லவர், உழைப்பாளி, யாருக்கும் தீங்கு நினைக்காதவர் என்பதெல்லாம் கருமாதி நோட்டீசில் போட்டாயிற்று. அச்சகத்துக்காரர் எல்லோருக்கும் அதையேதான் போடுகிறார். நான் எழுத நினைத்தது அதில் வராத தேர் விசயம். நேரில் பார்த்தவர்களே இப்போது ஆளுக்கொரு மாதிரிச் சொல்கிறார்கள். அதனால் நானும் எனக்குத் தெரிந்த மாதிரி சொல்லி வைக்கிறேன்.

என் பெயர் பூரணி. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவத்தில் ஆயாவாக இருந்தேன். தாய்மார் மலைக்குப் போன பிறகு பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுக் கையில் கிடைத்ததை வாசிப்பேன். என் கணவர் முத்துலிங்கம் கொழுந்து லொறி ஓட்டினார். அவருக்கு வாழ்க்கையில் இரண்டு பெருமைகள் இருந்தன. இரண்டும் ஒரே ரோட்டில் இருந்தன.

அந்த ரோட்டுத் துண்டுக்கு மூச்சு மேடு என்று பெயர். கோயிலைத் தாண்டி, லயங்களைத் தாண்டி, வளைவு திரும்பினால் வரும். ஒரு பக்கம் தேயிலை மலை. மறுபக்கம் காற்றுக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்த யூகலிப்டஸ் மரங்கள். மேட்டின் உச்சியில் கண்டாக்கையாவின் பங்களாவும் அவருடைய லீக்ஸ் பாத்தியும். வேலைக்கணக்குப் பார்க்கும் உத்தியோகத்தரை நாங்கள் கண்டாக்கையா என்றுதான் சொல்வோம். கொழுந்துச் சாக்கைச் சுமந்து போகிறவர்கள் அந்த மேட்டில் பாதியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் போவார்கள். நானும் நிற்பேன். முழங்காலைத் தடவிக்கொண்டு, "அப்பாடி, என்னா ஏத்தம்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த மேட்டைக் கடந்தவர்கள் எங்கள் தோட்டத்தில் இல்லை.

என் கணவரின் முதல் பெருமை, அந்த மேட்டை மூன்றாம் கியரில் ஏற்றுவது. "லோடோட மூணாம் கியர். இந்தத் தோட்டத்துல வேற எவனாச்சும் ஏத்திக் காட்டட்டும் பார்ப்போம்" என்பார். வேறு எவனும் ஏற்றிக் காட்டவில்லை, ஏனென்றால் தோட்டத்தில் வேறு கொழுந்து லொறி இல்லை.

இரண்டாவது பெருமை கட்டை. மாரியம்மன் திருவிழாவில் தேர் ஒவ்வொரு லயத்துக்கும் முன்னால் நிற்கும்போது சக்கரத்துக்குக் கட்டை போடுகிற உரிமை அவர் அப்பாவுக்கு இருந்து அவருக்கு வந்தது. பரிவட்டம் கட்டிக்கொண்டு, பலாமரத்தில் செய்து எண்ணெய் பூசிய இரண்டு கட்டைகளையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு தேர்ப் பக்கத்திலேயே நடப்பார். அந்த ஒரு நாளில் அவர் என்னைக்கூடத் தெரியாதவர் மாதிரித்தான் பார்ப்பார்.

முன்பெல்லாம் தேர் என்பது டிராக்டர் பெட்டியில் கட்டிய சப்பரம்தான். டிராக்டருக்கு பிரேக் உண்டு. கட்டை போட்டாலும் போடாவிட்டாலும் அது நிற்கும். கொரோனா முடிந்து திருவிழா திரும்பவும் தொடங்கிய வருசம், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் சேர்ந்து ஹட்டனில் புதுத் தேர் செய்து அனுப்பினார்கள். கையால் இழுக்கிற தேர். சக்கரத்துக்குள் குண்டு பேரிங். விரலால் தள்ளினால் நகரும்.

தேரன்று நல்ல வெயில். பனிமூட்டமாக இருந்திருந்தால் பழியைப் பனி மேல் போட்டிருக்கலாம். தேர் வளைவு திரும்பி மூச்சு மேட்டில் ஏறியது. வடம் பிடித்தவர்கள் எல்லோரும், "அம்மன் அருளு, பாரமே தெரியல" என்றார்கள். பாதி மேட்டில் மேல் லயத்து ஆட்கள் அர்ச்சனைத் தட்டோடு காத்திருந்தார்கள். பக்கத்தில் வந்தவர்கள் கை கொடுத்துப் பிடிக்க, தேர் நின்றது. என் கணவர் மேட்டை ஒரு தடவை அளந்து பார்த்தார். தேர் பின்னால் சறுக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பின் சக்கரங்களுக்குப் பின்னால் இரண்டு கட்டைகளையும் போட்டு, காலால் ஒரு தட்டுத் தட்டி, "ம்" என்றார். வடத்தையும் தேரையும் விட்டுவிட்டு எல்லோரும் தட்டு வாங்கப் போனார்கள்.

தேர் மேட்டில் ஏறத் தொடங்கியது.

மெதுவாகத்தான் ஏறியது, சினைமாடு தண்ணீர் குடிக்கப் போகிற வேகத்தில். தேருக்குள் உட்கார்ந்திருந்த பூசாரி சின்னத்தம்பி, கையில் தேங்காயோடு வெளியே தலையை நீட்டினார்.

"எவன்டா இழுக்குறது? நிப்பாட்டுங்கடா, இன்னும் தேங்கா ஒடைக்கல."

"யாரும் இழுக்கல பூசாரி," என்றார் யாரோ.

"இழுக்காம எப்புடிடா மேட்டுல போகும்?"

பாதிப் பேர் ரோட்டில் விழுந்து கும்பிட்டார்கள். மீதிப் பேர் தேரோடு நடந்தார்கள். பெண்கள் குலவை போட்டோம். என் கணவர் மட்டும் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி, சக்கரத்துக்குப் பின்னால் திரும்பவும் போட்டார். தேர் கட்டையை விட்டுவிட்டுப் போனது. அவர் மறுபடி எடுத்து ஓடி மறுபடி பின்னால் போட்டார். தேர் மறுபடி போனது. சக்கரத்துக்கு முன்னால் போடலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மேடு ஏறுகிற வண்டிக்கு முன்னால் யார் கட்டை போடுவார்கள்?

அம்மன் நேரே கண்டாக்கையாவின் லீக்ஸ் பாத்திக்குள் போய் நின்றாள். முகம் முழுக்கச் சவர நுரையோடு வெளியே வந்த கண்டாக்கையா அம்மனைப் பார்த்தார். மஞ்சள் நீராட்டுக்கு லீவு தர முடியாது என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். "நாளைக்கு லீவு," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாளான்னைக்கும்," என்றார்.

பிறகு கொஞ்ச நாள் எங்கள் ரோட்டுக்குப் பெரிய பேர். கந்தப்பளையிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் வேனில் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் ரோட்டில் எலுமிச்சம்பழத்தை வைத்தார்கள். எலுமிச்சம்பழமும் மேட்டில் ஏறியது. அதைப் பார்க்க நான்கூட இரண்டு தடவை போனேன். என் கணவர் அங்கேயே நின்று, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்த எடத்துலதான் அம்மனுக்கு நடக்கணும்னு தோணிருக்கு. நான் போட்ட கட்ட அப்புடியே இருந்துச்சுங்க. கட்டையில ஒரு கொற இல்ல."

அந்த நேரத்தில்தான் குணரத்தினம் சேர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். தனியாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிப்பார், எனக்குப் புத்தகம் கொண்டுவந்து தருவார். அன்றைக்கு அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் குடிக்காமல் இருந்தார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உது மேடு இல்லை, இறக்கம்."

என் கணவர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "சேர், வெயில்ல வந்தீங்களோ?"

"இல்லை அண்ணை. கண் ஏமாத்துது. சுத்திவர மலை. அடிவானம் எண்டு ஒரு கோடு இஞ்சை எங்கயும் தெரியாது. மட்டம் எதெண்டு பாக்கிறதுக்குக் கண்ணுக்கு ஒண்டும் இல்லை. மரங்களும் சரிஞ்சு நிக்குது. அதுகளை நேரெண்டு நினைச்சுக் கண் பாக்குது. அப்ப ரோட்டு மேடாத் தெரியுது."

"சேர், ஒங்க ஊருல மேடே இல்லன்னு சொன்னீங்கள்ல?"

"ஓம். எங்கட ஊரில மேடெண்டா வயல் வரம்புதான்."

"அப்ப மேடு எப்புடி இருக்கும்னு ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

சேர் ஒரு வாய் தேத்தண்ணி குடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"இருவது வருசம் அந்த மேட்டை மூணாம் கியர்ல ஏத்தியிருக்கேன் சேர்," என்றார் என் கணவர்.

"நீங்கள் ஏத்தேல்லை அண்ணை," என்று சேர் மெதுவாகச் சொன்னார். "இறக்கினனீங்கள்."

சேர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அதுவரைக்கும் அவர் எங்கள் வீட்டில் கோப்பை கழுவியதில்லை.

விளக்கம் சொல்ல வேண்டும் என்பதைத் தவிர சேருக்கு வேறு எண்ணம் கிடையாது. ஆனால் அந்தச் சொல் லயம் லயமாகப் போய்க் கோயில் கமிட்டித் தலைவர் இராமையாவின் காதில் விழுந்தது. தலைவருக்கு வினோஜன் என்று ஒரு மருமகன் இருந்தான். அவனுக்கு ஒரு மரியாதை தேடிக்கொண்டிருந்தார். இப்போது வழி கிடைத்தது. மேடு மேடுதான் என்றால் அம்மன் நடந்தாள், முத்துலிங்கம் கட்டையைச் சரியாகப் போட்டார். மேடு இறக்கம் என்றால் அம்மன் நடக்கவில்லை, முத்துலிங்கம் கட்டையைத் தப்பான பக்கம் போட்டார். தப்பான பக்கம் கட்டை போடுகிறவரிடம் தேரைக் கொடுக்க முடியுமா?

அன்றிலிருந்து என் கணவர் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் மேடு என்று ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்றே பேசிக்கொண்டிருந்தார்.

"பூரணி, நீ சொல்லு. அது மேடா, பள்ளமா?"

"மேடாத்தாங்க தெரியுது."

"தெரியுதுன்னு கேக்கல. மேடா?"

"அதத்தாங்க சேர் பார்க்கணும்ங்குறாரு."

"அவரு யாரு எங்க மேட்டப் பார்க்க? நீ மூச்சு வாங்குனியா இல்லியா? ஒன் முட்டி வலிச்சிச்சா இல்லியா? கண்ணு பொய் சொல்லுதுன்னு வச்சுக்குவோம். முட்டியுமா பொய் சொல்லும்?"

உண்மையாகவே அந்த இடத்தில் என் முழங்கால் வலித்திருக்கிறது. இறக்கத்தில் ஏற்ற வலி எப்படி வந்தது என்று மடுவத்தில் பிள்ளைகள் தூங்கும்போது யோசித்துப் பார்த்தேன். மேட்டைப் பார்த்ததுமே முழங்கால் வலிக்கத் தயாராகிவிடும் போலிருக்கிறது. கண் சொன்னதை அது விசாரிக்காமல் நம்பியிருக்கிறது, ஒரே வீட்டு ஆள் மாதிரி.

கமிட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோட்டை அளப்பது என்று தீர்மானித்தது. வீடு கட்டுகிற மேசனிடம் மட்டம் பார்க்கும் தண்ணி டியூப்பை சேர் இரவல் வாங்கி வந்தார். பத்து ஆள் நீளத்துக்கு மேல் இருக்கிற, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப். அதில் தண்ணீர் விட்டு, மேட்டின் மேல் பக்கம் ஒரு முனையை சேர் பிடித்தார், கீழ்ப் பக்கம் மறு முனையை வினோஜன் பிடித்தான். தண்ணீர் இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தில்தான் நிற்கும் என்று சேர் எல்லோருக்கும் சொன்னார். அது எங்களுக்கும் தெரியும். பிறகு ரோட்டிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தார்கள். கீழ்ப் பக்கம் வினோஜனின் முழங்காலுக்கு நின்றது. மேல் பக்கம் சேரின் இடுப்புக்கு நின்றது. அப்படியானால் சேர் நின்ற மேல் பக்கம்தான் பள்ளம்.

"டியூப்பத் திருப்பிப் பிடிங்க," என்றார் என் கணவர்.

திருப்பிப் பிடித்தார்கள். அதேதான்.

"ஒருக்கா பார்த்துட்டுத் தண்ணிக்குப் பழகிப்போச்சு. வேற தண்ணி ஊத்துங்க."

வேறு தண்ணீர் ஊற்றினார்கள். அதேதான். சனங்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். என் கணவர் டியூப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதை நல்லபாம்பைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"தண்ணிக்கு என்னா தெரியும்? அதுக்குக் கண்ணா இருக்கு?"

"கண் இல்லாதபடியாத்தான் அது ஏமாறேல்லை, அண்ணை," என்றார் சேர்.

"சரி. தண்ணி எங்க நிக்குதுன்னு நீங்க எதால பார்த்தீங்க?"

"கண்ணாலைதான்."

"மேட்டப் பார்க்குறப்ப பொய் சொல்ற கண்ணு, டியூப்பப் பார்க்குறப்ப மட்டும் உண்மை சொல்லுமோ?"

சேர் டியூப்பைக் கீழே வைத்தார். பிறகு, "நல்ல கேள்வி அண்ணை. நான் படிச்ச கம்பசிலயும் உதுக்கு ஒருத்தரும் வடிவா மறுமொழி சொல்லேல்லை," என்றார். ஆனால் கேள்வி நல்லதாக இருந்தால் ரோடு மேடாகிவிடுமா? தலைவர் இராமையா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"முத்துலிங்கம், பேச்செல்லாம் போதும்பா. கட்டையக் குடு. அடுத்த வருசத்துலருந்து மாப்பிள்ள போடட்டும். ஒரு உசுரு கிசுரு போயிருந்தா யாரு பதில் சொல்றது?"

கையோடு காரியத்தை முடிக்கத் தலைவர் தேரையும் வினோஜனுக்குப் புதுப் பரிவட்டத்தையும் கொண்டுவந்திருந்தார். என் கணவர் அன்று கட்டைகளை வீட்டிலேயே விட்டிருக்கலாம். ஆனால் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. லொறி போன பிறகு, பென்சன் வந்த பிறகு, அவருக்கென்று இருந்தது அந்தப் பலாக்கட்டை இரண்டும்தான். அதைப் பிடுங்கிவிட்டால் அவர் அடுத்த திருவிழாவுக்கு வீட்டை விட்டு வெளியே வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் பேசினேன்.

"தலைவரே, கட்டைய வாங்குறதுக்கு முன்னாடி, புது ஆளு ஒரு தடவ போட்டுக் காட்டட்டும்."

"பொம்பளைங்க இதுக்குள்ள எதுக்கும்மா?"

"ஏன் தலைவரே, ரோடு ஆம்பளைங்கள மட்டுமா ஏமாத்துது?" என்று பக்கத்து வீட்டு வள்ளியம்மா எனக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். கூட்டம் சிரித்தது. தலைவருக்கு வேறு வழியில்லை.

தேரை இழுத்துப் பாதி மேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை வடத்தை விட்டுவிடாமல் இருபக்கமும் ஆட்கள் தேரைப் பிடித்துக்கொண்டார்கள். வினோஜன் பரிவட்டம் கட்டிக்கொண்டு என் கணவரிடமிருந்து கட்டைகளை வாங்கினான். டியூப்பின் ஒரு முனையைத் தன் கையாலேயே பிடித்தவன் அவன். தண்ணீர் தன் முழங்காலுக்கு நின்றதைத் தன் கண்ணாலேயே பார்த்தவன். நேரே போனான், குனிந்தான், பின் சக்கரங்களுக்குப் பின்னால் போட்டான், காலால் ஒரு தட்டுத் தட்டினான்.

பிடித்தவர்கள் கையைத் தளர்த்தினார்கள். தேர் முன்னால் போனது.

"மாப்பிள்ள," என்று தலைவர் பல்லைக் கடித்தார்.

"தெரியும் மாமா. தெரியும்தான். ஆனா கை அங்கதான் போவுது."

"சேர், நீங்க போடுங்க," என்றார் என் கணவர்.

சேர் சிரித்துக்கொண்டே வந்தார். கட்டையை வாங்கும்போது, "இது இறக்கம், முன்னுக்குத்தான் போடவேணும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சொல்லிக்கொண்டே ரோட்டை ஒருமுறை பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. பார்த்ததும் அவருடைய கால் தானாகப் பின் சக்கரத்துக்குப் பின்னால் போனது. குனிந்து போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. கட்டையையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உது விசர்," என்றார், பைத்தியம் பிடித்தவர் மாதிரி, யாரிடமும் இல்லாமல்.

கடைசியில் தலைவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். தேரைச் சுற்றி வந்தார். மேட்டைப் பார்த்தார், தண்ணி டியூப்பைப் பார்த்தார், திரும்ப மேட்டைப் பார்த்தார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, தடவித் தடவிப் போய், முன் சக்கரத்துக்கு முன்னால் போட்டார். தேர் நின்றது.

"கண்ண மூடிக்கிட்டுப் போட்டா கணக்கில்ல," என்றாள் வள்ளியம்மா.

"கண்ண மூடிக்கிட்டு ஒருத்தன் தேரோட நடந்தா மொதல்ல சக்கரம் அவன் மேலதான் ஏறும்," என்றார் பூசாரி.

தலைவர் கண்ணைத் திறந்தார். அவர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். இனிமேல் மூச்சு மேட்டில் இரண்டு பக்கமும் கட்டை போட வேண்டும். பின்னால் போடும் கட்டை முத்துலிங்கத்துக்கு. முன்னால் போடும் கட்டை வினோஜனுக்கு.

"கண்ணுக்கு ஒரு கட்டை, தண்ணிக்கு ஒரு கட்டை. யாருக்கும் மனக்கொற வேணாம்."

பரிவட்டமும் இரண்டு. அதற்குப் பிறகு வந்த திருவிழாக்களில் என் கணவர் தம்முடைய கட்டையைப் பின்னால் போட்டு, தட்டி, "ம்" சொல்லிவிட்டு, முன்னால் குனிந்திருக்கும் வினோஜனைப் பார்த்து, "போடுறா தம்பி, ஒன் தண்ணிக் கட்டைய" என்பார். வினோஜனும், "ஒங்க கட்டைய இன்னும் சக்கரம் தொடலையே மாமா, புதுசாவே இருக்கு" என்பான். "தொடாது. என் கட்டைக்கு அவ்வளவு மருவாத" என்பார் இவர். கடைசி வரைக்கும் அவர் அந்த ரோட்டை இறக்கம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் கியர் கதையையும் விடவில்லை. கதையில் லோடு மட்டும் வருசா வருசம் கூடிக்கொண்டு போனது. சேர் அதற்கெல்லாம் மறுத்துப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவார், குடிப்பார், கோப்பையை வைத்துவிட்டுப் போவார். திரும்பக் கோப்பை கழுவத் தொடங்கவில்லை என்பதில் எனக்குச் சந்தோசம்.

என் கணவர் இறந்த பிறகு ஒரு விசயம் நடக்கிறது. சாயங்காலத்தில் வாசலில் அவர் இருமுவது கேட்கிறது. அவருக்கென்று ஒரு இருமல் உண்டு, வாசலுக்கு வந்ததும் இரண்டு தரம், ஆள் வருகிறது என்று சொல்வதற்கு. அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் கேட்கிறது. ஒரு நாள் என்னை அறியாமல், "செருப்பக் கழட்டிட்டு வாங்க, இப்பத்தான் தொடச்சேன்" என்று சொல்லிவிட்டேன். சீனி இரவல் வாங்க வந்த வள்ளியம்மா செருப்பைக் கழற்றி, காலையும் கழுவிவிட்டு உள்ளே வந்தாள். "என்னா பூரணி, இன்னைக்கு மருவாதயெல்லாம் பலமா இருக்கு" என்று கேட்டாள். இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தோம். பிறகு சிரிப்பை நிறுத்த முடியாமல் போய், நான் சீனி டப்பாவை எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

சேருக்கு யாழ்ப்பாணம் மாற்றலாகிவிட்டது. போனில் பேசுவார். இருமல் விசயத்தை அவரிடம் சொன்னேன். அடிவானம், மரம் என்று ஏதாவது விளக்கம் சொல்வார் என்று நினைத்தேன். அவர், "கேக்கட்டும் அக்கா," என்றார்.

இந்த வருசத் திருவிழாவுக்கு முன்னால் வினோஜன் வீட்டுக்கு வந்தான். கட்டையைக் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று எடுத்துக் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டு தயங்கி நின்றான்.

"அத்தே, ரெண்டையும் இனி நானே போடுறேன். கமிட்டியில சொல்றாங்க, பின்னால போடுறது சும்மாதானே, விட்டுரலாமேன்னு. எனக்கு மனசு கேக்கல. நீங்க என்னா சொல்றீங்க?"

"ஒனக்கு அது மேடாத் தெரியுதா?"

"தெரியுது அத்தே."

"அப்ப போடு," என்றேன்.

தேரன்று நானும் தட்டோடு போய் நின்றேன். அவன் முன்னால் ஒன்று போட்டான். பிறகு சுற்றி வந்து பின்னால் ஒன்று போட்டு, காலால் தட்டினான். "ம்" சொல்லவில்லை, அது அவனுக்கு வராது. தேர் நின்றது. முன்கட்டையில் சக்கரம் நன்றாக அழுந்தியிருந்தது. பின்கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு விரல் போகிற இடைவெளி இருந்தது.

திருவிழா முடிந்ததும் பிரதேச சபையிலிருந்து வந்து அந்த ரோட்டுக்குக் கொங்கிரீட் போட்டார்கள். பழைய குழிகளையெல்லாம் மூடி, ஓரத்து மரங்களில் பாதியை வெட்டி, மழைத்தண்ணீர் ஓடக் கான் வைத்தார்கள். நேற்று மழை பெய்தபோது பார்த்துக்கொண்டு நின்றேன். கானில் தண்ணீர் கண்டாக்கையா பங்களாப் பக்கமாக, மேட்டில் ஏறிப் போனது.